பழகுநர் என்பவர் யார்?

கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடியில் ஆண்டுதோறும் நந்தியெம்பெருமான் திருமண விழா நடைபெறுவதை இப்பகுதியார் யாவரும் அறிவர். நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம் என்பது மக்கள் வழக்கு. திருமணப் பேச்சென்றால் நாம் நூறு கேள்வி கேட்கிறோம். ஆனால், மகனைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் ஒரு வரியும் படியாது கையொப்பமிட்டு விடுகிறோம்.

அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லை ஆதாரமாகக் கொண்டு சிமெண்டு ஆலைகள் பல எழுந்துள்ளன. 1979ஆம் ஆண்டில் அரசினர் சிமெண்டு ஆலையும் அரியலூரில் தோன்றியது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் அவற்றை நாடுவது இயல்பே. ஆகவே சில சொற்களின் பொருளை நாம் தெளிவாக அறிதல் நலம்.

ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயில்பவர் மாணவர். பொருத்துநர், கடைசலர், பற்றவைப்பவர், மின்பணியாளர் முதலிய பிரிவுகளில் ஓராண்டோ ஈராண்டோ கற்றுத் தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். 1950ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழி வந்தவை இந்நிலையங்கள்.

பழகுநர் என்பவர் வேறு. இவர் தொழிற்சாலைக்குள்ளேயே வேலையைக் கற்பவர். ஐ.டி.ஐ. தேறியவரும் பழகுநராகலாம், பயிலாத புதியவரும் ஆகலாம். புதியவருக்கு முதலில் அடிப்படைப் பயிற்சி தரப்படல் வேண்டும். நம் ஊர்த் தச்சுப் பட்டறையில் எடுபிடியாய்ச் சேர்ந்த சிறுவன், ஆசாரியார் மனம்வைத்த நாளிலேயே உளி பிடிப்பான். அங்கே காலவரையும் இல்லை, எழுத்தும் இல்லை. 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம் இவ்விரண்டையும் கட்டாயமாக்கிற்று.

இச்சட்டத்தில் பலரையும் ஏமாறச் செய்யும் இடம் ஒன்றுண்டு. பழகுநர் தொழிலாளி அல்லர். அவர் பெறுவது சம்பளமன்று, உதவித்தொகை. அதன் குறைந்த அளவை அரசின் விதிகள் வரையறுக்கின்றன. பயிற்சி முடிந்தபின் வேலை தரவேண்டும் என்ற கட்டாயம் ஆலைக்கு இல்லை. வேலையை ஏற்கவேண்டும் என்ற கட்டாயம் பழகுநருக்கும் இல்லை. ஒப்பந்தத்தில் அவ்வாறு எழுதியிருந்தால் மட்டுமே இருவரும் கட்டுப்படுவர். “சேர்த்துவிட்டால் வேலை நிச்சயம்” என்று வாய்மொழியாகக் கூறிப் பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பி, சம்பா நெல் விற்ற தொகையைக் கொடுப்போர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

எனினும் பழகுநர் பாதுகாப்பற்றவர் அல்லர். பயிற்சியின்போது விபத்தில் காயமுற்றால் தொழிலாளிக்குரிய இழப்பீடு இவருக்கும் உண்டு. பழகுநர் ஆலோசகரின் அனுமதியின்றி மிகைநேர வேலை வாங்குதல் கூடாது. அபாயமான தொழில்களில் 18 வயது நிரம்பாதவரைச் சேர்த்தல் ஆகாது. ஆலை தன் கடமையில் தவறி ஒப்பந்தம் முறிந்தால் ஆலை ஈடு தரவேண்டும். பழகுநர் தவறினால் பயிற்சிச் செலவைத் திருப்பித்தர நேரிடும். வயது நிரம்பாதவனுக்காகக் காப்பாளரே கையொப்பமிடுவதால், தந்தையார் இவ்விதியை இருமுறை படித்தல் தகும்.

இவ்வுரிமைகள் யாவும் ஒப்பந்தத்தைப் பொறுத்தவை. ஒப்பந்தம் பழகுநர் ஆலோசகரிடம் பதிவாக வேண்டும். இந்நாளில் இது இணையதளத்தின் வாயிலாக நடைபெறுகிறது. பதிவு இல்லையேல் ‘பயிற்சி’ என்ற பெயரில் நடப்பது குறைந்த கூலி வேலையே ஆகும்; தேசியப் பழகுநர் சான்றிதழும் கிட்டாது. தம் ஊரிலிருந்து ஆலைக்குச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையின் பதிவெண்ணையும் கேட்டுப் பார்ப்பது ஊராட்சி அங்கத்தினருக்கு அரை நாழிகை வேலை.