நலமான உடலுக்கு எதற்கு ஆராய்ச்சிப் பணம்?

கேள்வி: நோயாளிக்கு மருந்து வாங்கவே காசு போதவில்லை. நோயில்லாத உடலை அணு அணுவாக ஆராயப் பணம் கொட்டலாமா? (வாசகர், ஜாசின், மலாக்கா)

பதில்: ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். நல்ல மரத்தின் பட்டையைத் தொட்டுப் பழகிய கைதான் கெட்ட மரத்தைக் கண்டுபிடிக்கும்.

மனித உடலில் ஏறக்குறைய 37 லட்சம் கோடி செல்கள் உள்ளன. இவற்றுக்கு வரைபடம் போட 2016-ல் லண்டனில் தொடங்கியதுதான் 'மனித செல் அட்லஸ்'. ஒவ்வொரு செல்லையும் எண்ணெய்க்குள் மிதக்கும் நுண்துளியில் அடைத்து, அடையாளக் குறி ஒட்டி, எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று படிக்கிறார்கள். செலவு பிடிக்கும் வேலை. 2019-ல் மட்டும் சான் சக்கர்பெர்க் கொடை அமைப்பு இப்பணிக்காக 38 குழுக்களுக்கு 6 கோடியே 80 லட்சம் டாலர் அறிவித்தது.

பலன்? நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸின் மரபணு 1989-லேயே தெரியும். ஆனால் மூச்சுக்குழாயில் அந்த மரபணு மிகத் தீவிரமாக இயங்கும் அரிய செல் சிக்கியது 2018-ல்தான், அதுவும் நலமான திசுவை அலசியபோது.

நமக்கு நெருக்கமான செய்தி சிங்கப்பூரில் இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானி ஷியாம் பிரபாகர் உள்ளிட்டோர் நடத்தும் ஆசிய நோயெதிர்ப்பு ஆய்வு, 619 பேரின் ரத்தத்திலிருந்து 12 லட்சத்துக்கும் மேற்பட்ட செல்களை அலசி 2025-ல் வெளியானது. சிங்கப்பூர் இந்தியர், மலாய்க்காரர், சீனர் மூவரும் அதில் உண்டு. வம்சாவளி, வயது, பால் ஆகியவற்றைப் பொறுத்து செல்களின் விகிதம் மாறுகிறது. ஐரோப்பியர் ரத்தத்தை வைத்து வகுத்த 'இயல்பு' அளவை நம் மலாக்காவின் அலோர் காஜா தமிழருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. அதற்காகவாவது இந்தப் பணம் வரவேண்டும், மலேசியாவிலிருந்தும்.