கந்தல் என்று நினைத்த துணி

பரீட்சையில் 'மூல ஒழுங்கு' பற்றிய கேள்விக்கு வகுப்பிலேயே அதிகப் புள்ளி வாங்கியவள் நான். 1898இல் மூன்று டச்சுக்காரர்கள் சேர்ந்து எழுதிய கைநூல், 1922இல் ஜென்கின்சன் எழுதியது என்று எல்லாவற்றையும் அடுக்கி, ஒருவர் தன் காகிதங்களை எப்படி வைத்திருந்தாரோ அப்படியே விட்டுவிட வேண்டும் என்று மூன்று பக்கம் எழுதினேன். நாலே மாதத்தில் அதற்கு நேர்மாறாகச் செய்தேன்.

மொனராகலைப் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் வந்தது. கைமாறும் போதெல்லாம் ஆபிசைக் கூட்டிப் பெருக்குவார்கள். பழைய செக்ரோல் புகைவீட்டு அடுப்புக்குப் போகும். போகவிடாமல் அவர் தூக்கி வந்ததுதான் அந்தப் பெட்டி. உள்ளே செக்ரோல் பக்கங்கள், பிறப்பு இறப்புத் துண்டுகள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட வந்தவர்கள் சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொண்ட சீட்டுகள். பாதிச் சீட்டில் திகதி கிடையாது.

பெட்டியைப் பற்றி என் ஆய்வு மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "இப்படிக் குப்பையாகவா வைத்திருப்பது? ஒழுங்குபடுத்திக்கொண்டு வாங்க" என்றார். சொன்னபடி செய்தேன். இரண்டு வாரம் பாய் விரித்து உட்கார்ந்து வருஷ வாரியாக, அதற்குள் அகர வரிசையாக அடுக்கினேன். கட்டுகளைக் கிளாக்கர் சேலைக்கரையில் கிழித்த துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். சில சிவப்பு, சில வெள்ளை. சிலவற்றுக்குக் கட்டே இல்லை. பேப்பரில் சுற்றி வைத்திருந்தது. முடிச்சு அவிழவில்லை, கத்தரித்தேன். துணியை அடுப்பில் போட்டேன். அன்றைக்குத் தேநீர் கொதித்தது அந்த நெருப்பில்தான்.

கிளாக்கரையா பார்க்க வந்தார்.

"ஆறாம் லயத்துக் கட்டு எங்க மகள்?"

"பிரிச்சு வருஷப்படி அடுக்கிட்டேன் ஐயா."

"கட்டின துணி?"

சொன்னேன். அவர் ஏசவில்லை. பாய் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கீழே வைத்தார். "செவப்பு, இந்தியாவுக்கு எழுதிப்போட்டவங்க. வெள்ளை, இங்கனயே இருக்கிறம்னவங்க. கட்டாதது, புருஷன் ஒன்னு பொஞ்சாதி ஒன்னுனு நின்ன வீடு."

அந்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு அரசாங்கமும் பங்கு பிரித்தது எந்தப் புத்தகத்திலும் இருக்கும். எங்கள் லயத்தில் யார் வீட்டில் யார் எந்தப் பங்குக்குப் போனார்கள் என்பதற்குச் சிவப்பும் வெள்ளையும்தான் சாட்சி. அதை விறகாக்கியவள் நான். எங்கள் செக்ரோலில் மூன்று முத்துசாமி, நாலு ராமாயி. எந்தக் கட்டில் இருந்தது என்று தெரிந்தால்தான் எந்த முத்துசாமி என்று சொல்ல முடியும்.

கிளாக்கரையாவின் ஞாபகத்தை வைத்துப் பாதியை மீட்க பதினொரு மாதம் பிடித்தது. 63 சீட்டுக்கு இடமே கிடைக்கவில்லை. ஆய்வின் மூன்றாம் அத்தியாயம் வெறும் எண்ணிக்கையாகச் சுருங்கியது. நேர்முகத்தில், "மூல ஒழுங்கை ஏன் கலைத்தீர்கள்?" என்று ஒரு கேள்வி வந்தது. கேட்டது ஒழுங்குபடுத்திக்கொண்டு வரச் சொன்ன அதே ஆள்தான். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

ஆகவே பெட்டி கையில் வந்தால் முதலில் எதையும் அவிழ்க்காதீர்கள். மூடி திறந்ததும் ஒரு படம், ஒவ்வொரு அடுக்கு எடுக்கும் முன்பும் ஒரு படம். கட்டுக்கு ஒரு எண்; அதைப் பென்சிலால் தனித் துண்டில் எழுதி உள்ளே செருகுங்கள், சீட்டின் மேல் எழுதாதீர்கள். கயிறு, துணி, ஊசி எல்லாவற்றையும் உறையில் போட்டு அதே எண்ணைப் போடுங்கள். பிறகு வைத்திருந்தவரை உட்காரவைத்து, ஏன் இப்படிக் கட்டினீர்கள் என்று கேளுங்கள். உங்கள் தோட்டத்திலும் ஓய்வுபெற்ற ஒரு கிளாக்கர் இருப்பார், மழைக்காலம் வரும் முன் போய்விடுங்கள். ரப்பர் தோட்டத்துப் பிள்ளையே சொல்கிறேன், ரப்பர் பட்டி மட்டும் போடாதீர்கள். உருகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி நாடா போதும்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை. கடிதம், அடையாள அட்டை, இரவு பஸ், கொழும்பு 7இல் தேசிய சுவடிக்கூடம். ஊவா அரசாங்க அதிபர்களின் அறிக்கைகளையும் பெர்குசன் டைரக்டரியையும் பாருங்கள், பார்த்துவிட்டுச் சீக்கிரம் வெளியே வாருங்கள். ஏக்கர் கணக்கும் துரை பெயரும் கிடைக்கும். நம் ஆட்கள் தலைக்கணக்கில்தான் இருப்பார்கள்.

பெட்டியைக் கொழும்புக்குக் கொடுத்திருக்கலாமே என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். தாத்தாவின் பெயரைப் பார்க்க பால்வெட்டுக்காரர் ஒரு நாள் சம்பளத்தை விட்டு இரவு பஸ் ஏற வேண்டுமா? நான் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். லயத்தில் வைத்தால் அழிந்துபோகும் என்பவர்களுக்கும் பதில் உண்டு. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஆட்களோடு அவர்களுடைய அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் மண்ணுக்குள் போயின. அதனால்தான் எல்லாச் சீட்டையும் படமெடுத்து மூன்று ஊரில் வைத்திருக்கிறேன். மூலப் பெட்டி மட்டும் இங்கே.

போன தையில் நீலகிரி கூடலூரிலிருந்து ஒரு அக்கா போன் பண்ணினார். அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். தாத்தா பெயர் முத்துசாமி, மொனராகலைப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்.

"எந்த லயம்னு ஏதாச்சும் சொல்லியிருக்காங்களாக்கா?"

"ஆறாம் லயம்னு பாட்டி சொல்லும்."

ஆறாம் லயத்துக் கட்டு. அந்த 63 சீட்டு கிடக்கும் உறையைத் திறந்து மூன்று முத்துசாமியையும் எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து இருந்தாலாவது ஒப்பிடலாம். மூன்றிலும் கைநாட்டு.