கேட்டறிதலும் கண்டறிதலும்
(கடற்கரைச் சங்கங்களின் அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

ஒரு கிராமத்தின் குறையைத் தீர்க்க முற்படுவோர், அக்குறை இன்னதென்று முதலில் நிச்சயமாய் அறிந்துகொள்ளுதல் வேண்டும். நாடி பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியர் எவ்வளவு நல்லெண்ணமுடையவராயினும், நோயாளிக்கு அவரால் நன்மை விளைவதில்லை. ஐக்கிய சங்கங்களின் காரியமும் அத்தன்மையதே. ஜனங்களின் வாழ்க்கையை அவர்கள் வாழும் இடத்திற்கே சென்று, கண்டும் கேட்டும் கணக்கிட்டும் அறிவதைக் கள ஆய்வு என்பர். இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரைச் சங்கத்தார் இம்முறையைத் தாமே கையாளுவது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் விஷயம்.

வடமலைபுரம் தரும் படிப்பினை

சென்னை சர்வகலாசாலையில் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ம் வருஷத்தில் தம் மாணாக்கர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் தத்தம் கிராமங்களை ஆராய்ந்து வருமாறு ஏவினார். நிலம், கூலி, கடன், உணவு முதலிய விஷயங்கள் விசாரிக்கப்பட்டன. அதன் பயன் 1918-ல் நூலாய் வெளிவந்தது. அவ்வாறு ஆராயப்பட்ட ஊர்களுள் வடமலைபுரமும் ஒன்று. அக்காலத்தில் அது இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இப்பொழுது விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. சுமார் இருபது வருஷங்களுக்குப்பின் அதே கிராமங்கள் மறுபடியும் ஆராயப்பட்டன. பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் இருவரும் அதனைப் பதிப்பித்து 1940-ல் வெளியிட்டனர்.

இதனின்று நாம் கொள்ளத்தக்கவை மூன்று. விசாரிப்பவர் ஊராருக்கு அறிமுகமானவராயிருத்தல் நலம். எல்லாக் குடும்பங்களையும் ஒரே வினாக்களால் விசாரித்தாலன்றி ஒன்றோடொன்று ஒப்பிட இயலாது. ஒருமுறை எழுதியதைச் சில வருஷங்கள் கழித்துத் திரும்பவும் எழுதினால்தான் ஊர் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது விளங்கும்.

வட்டியில்லாத கடன்

ஆயினும் வினாப்பட்டியல் ஒன்றே போதாது. கடற்கரையில் ஒரு மீனவரிடம், “நீர் வாங்கிய கடனுக்கு வட்டி எவ்வளவு?” என்று கேட்டால், “வட்டி இல்லை” என்று விடை வரக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை. படகுக்கும் வலைக்கும் வியாபாரியிடம் முன்பணம் பெற்றவர், பிடித்த மீனை அவரிடமே கொடுக்கக் கடமைப்பட்டிருப்பார். வட்டி என்ற பெயரில் ஒன்றும் கேட்கப்படுவதில்லை. மீனின் விலையில் அது கழிந்துவிடுகிறது.

உதாரணமாக, ஒருவர் 20,000 ரூபாய் முன்பணம் பெற்றதாக வைத்துக்கொள்வோம். பகிரங்க ஏலத்தில் 2,000 ரூபாய் பெறும் மீனுக்கு வியாபாரி 1,800 ரூபாய் கொடுக்கிறார். மாதம் 15 நாள் கடலுக்குப் போனால் 3,000 ரூபாய் நஷ்டம். வருஷத்தில் 10 மாதத்திற்கு 30,000 ரூபாய். அவ்வளவு கொடுத்தும், வாங்கிய 20,000 ரூபாய் அப்படியே நிற்கிறது! இக்கணக்கு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பவருக்குக் கிட்டாது. விடியற்காலையில் படகு கரை சேருமிடத்தில் நின்று, ஒரே வகை மீன் ஏலத்தில் என்ன விலைக்குப் போகிறது, முன்பணக்காரருக்கு என்ன விலைக்குப் போகிறது என்று பல நாள் எழுதுபவருக்கே கிட்டும்.

எவரை, எப்பொழுது விசாரிப்பது?

குடும்பத் தலைவரை மட்டும் கேட்டால் வருமானத்தில் ஒரு பகுதி விட்டுப்போம். பாம்பன் முதலிய இடங்களில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கின்றனர். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கியபின், அவர்கள் பாசி எடுத்துவந்த இடங்களில் தடைகள் ஏற்பட்டன. இதனால் நேர்ந்த கஷ்டத்தை அப்பெண்களே சொல்லவேண்டும். ஆகவே பெண்களிடம் பெண்களே சென்று பேசுதல் உசிதம்.

காலமும் கவனிக்கத்தக்கது. வாடைக்காற்று வீசுங்கால் பாக் நீரிணைப்புறம் கொந்தளிக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் மன்னார் வளைகுடாப்புறம் கொந்தளிக்கும். மீனவர் சிலர் அதற்கேற்ப ஒரு புறத்தினின்று மறுபுறத்திற்குத் தொழிலை மாற்றிக்கொள்வர். மேலும் 2017 முதல் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடை உள்ளது. ஒரு மாதத்து நிலைமையைக் கண்டு வருஷ நிலைமையைத் தீர்மானித்தல் தவறாகும்.

அறிந்ததனால் விளைந்த பயன்

திருவனந்தபுரம் மாவட்டத்து மரியநாடு என்னும் மீனவர் கிராமத்தில் சமூக ஊழியர்கள் ஜனங்களோடு கூடவே வசித்து அவர்கள் தொழிலை அறிந்தனர். கடனும் மீன் விற்பனையும் ஒரே முடிச்சாயிருப்பது அங்கே உணரப்பட்டது. ஆதலால் 1970-களில் அவ்வூர் மீனவர் சங்கம் கடன் கொடுப்பதோடு நில்லாமல், கரையில் மீன் ஏலத்தையும் தானே நடத்தியது. விற்ற தொகையில் ஒரு பங்கு கடனுக்குக் கழிக்கப்பட்டது. மீன்பாடு அதிகமானால் அதிகம் கழியும். இல்லாத நாளில் தவணை இல்லை. கடன் மட்டும் கொடுத்து விற்பனையைக் கவனியாதிருந்தால், சங்கத்தின் பணமும் பழைய கட்டிலேயே போய் விழுந்திருக்கும்.

சங்கத்தார் செய்யவேண்டியவை

1. முதலில் ஊரின் படம் வரைக. வீடு, கிணறு, படகுத்துறை, ஏலக்கரை யாவும் அதிற் குறிக்க.

2. வாசிக்கத் தெரிந்த இருவரை, அவருள் ஒருவர் பெண்ணாக, விசாரணைக்கு நியமிக்க. ஒரு தெருவையும் ஒரு ஜாதியாரையும் விட்டுவிடலாகாது. சொந்தப் படகில்லாத கூலியாட்களையும் விதவைகளையும் தவறாது காண்க.

3. கண்டதை ஒரு பக்கத்திலும், கேட்டதை எதிர்ப்பக்கத்திலும் எழுதுக. இரண்டும் மாறுபடுமிடத்திலேயே உண்மை மறைந்திருக்கும்; அங்கே மறுபடி விசாரிக்க.

4. கடன் தருவதாக ஆசை காட்டி விடை பெறாதிருக்க. ஒருவர் கடனை மற்றொருவரிடம் சொல்லாதிருக்க. ஒருமுறை இரகசியம் வெளிப்பட்டால் அவ்வூரில் எவரும் மெய் சொல்லமாட்டார்.

5. முடிவில் பெயர்களை நீக்கி, மொத்தக் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வாசித்து, பிழையிருப்பின் ஊராரே திருத்தும்படி கேட்க.

இவ்வேலைக்குச் செலவு சொற்பம். ஒரு நோட்டுப்புத்தகமும் பொறுமையும் போதும். அடுத்த மாதக் கூட்டத்திற்குமுன் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தில் ஒரு வாரத்து மீன்பாட்டையும், கிடைத்த விலையையும், அன்றைய ஏல விலையையும் குறித்து வருவாராக. அவற்றை ஒன்றுகூட்டிப் பார்த்தால், நாம் கொடுத்துவரும் வட்டி எவ்வளவென்பது நமக்கே புலப்படும்.