ப்ராக்ஸி வழியே அனுப்பப்படும் கோப்புகள் குறைவுறுதலும் அதனைக் கண்டறியும் முறையும்

களப் பணியாளர் ஒருவர் மழை அளவுப் பட்டியலைத் தலைமை அலுவலகத்தின் சர்வருக்கு அனுப்புகிறார். திரையில் 100 விழுக்காடு என்று தோன்றுகிறது. வேலை முடிந்ததெனக் கருதி அவர் கணினியை மூடிவிடுகிறார். ஆயின் பட்டியலின் பிற்பகுதி போய்ச் சேரவேயில்லை. இத்தகைய குறை நேர்வது எங்ஙனம்?

ப்ராக்ஸியின் தொழில்

அனுப்பும் கணினிக்கும் பெறும் சர்வருக்கும் இடையே நின்று, ஒன்றிடம் வாங்கி மற்றொன்றிடம் கொடுக்கும் கணினியே ப்ராக்ஸி ஆகும். இதனைக் கிளைத் தபாலாபீசுக்கு ஒப்பிடலாம். பார்சலைக் கிளை ஆபீசில் கொடுத்தமையால் மட்டும் அது உரியவர் கையிற் சேர்ந்ததாகாது. சர்வருக்கு முன்னே ப்ராக்ஸியாக நிறுத்தப்படும் மென்பொருள்களுள் என்ஜின்எக்ஸ் பெருவழக்கில் உள்ளது. அதன் அமைப்பை மாற்றாதிருப்பின், அது கோப்பு முழுவதையும் முதலில் தானே பெற்று வைத்துக்கொண்டு, பின்னரே சர்வருக்கு அனுப்பும். ஆகவே 100 விழுக்காடு என்பது ப்ராக்ஸி வரையுள்ள முதற் பாதையை மட்டுமே குறிக்கலாம்.

தடைகள் மூன்று

1. அளவு வரம்பு: என்ஜின்எக்ஸில் இயல்பாக உள்ள வரம்பு 1 மெகாபைட். அதனை மிஞ்சும் கோப்பு 413 என்னும் எண்ணுடன் மறுக்கப்படும்.

2. கால வரம்பு: அனுப்புவோரிடமிருந்து 60 விநாடி வரை ஒரு பைட்டும் வராதிருப்பின் 408 என்னும் விடை எழும். இது மொத்த நேரத்தைக் குறிப்பதன்று. இடையே நேரும் மௌனத்தையே குறிக்கும். சர்வர் 60 விநாடி விடையளியாதிருப்பின் 504 தோன்றும். இந்நிலையில் கோப்பு ஒருகால் சேர்ந்தும் இருக்கலாம். விசாரியாமல் மறுமுறை அனுப்பினால் ஒரே பதிவு இருமுறை ஏறக்கூடும்.

3. இடக் குறைவு: ப்ராக்ஸியின் தற்காலிகச் சேமிப்பிடம் நிரம்பியிருப்பின் பெரிய கோப்புகள் தடைப்படும்.

சோதிக்கும் முறை

முதலில், இரு முனைகளிலும் கோப்பின் அளவைப் பைட் கணக்கில் ஒப்பிடுக. அடுத்து 500 கிலோபைட், 900 கிலோபைட், 2 மெகாபைட் அளவுள்ள மூன்று கோப்புகளை அனுப்பிப் பார்க்க. முதலிரண்டும் சென்று மூன்றாவது மட்டும் நின்றால் அளவு வரம்பை ஐயுறுக. ஒவ்வொரு முறையும் ஒரே கால அளவில் நின்றால் கால வரம்பையும், ஒழுங்கின்றி நின்றால் இணைப்பின் தளர்ச்சியையும் ஐயுறுக. அலுவலகத்திலும் ஒரு ப்ராக்ஸி இருப்பின், அனுமதி பெற்று வேறோர் இணைப்பின் வழியே அதே கோப்பை அனுப்பிப் பார்த்தால் குறை எப்பக்கத்தது என்பது புலனாகும். நேரத்தையும் விடை எண்ணையும் குறித்து நிர்வாகிக்குத் தெரிவித்தால், அவர் ப்ராக்ஸியின் பதிவேட்டில் அதனை எளிதிற் காண்பார்.

குறைந்த கோப்பின் அபாயம்

எச்.டி.டி.பி. முறையில் அனுப்புவோர் கோப்பின் நீளத்தை முன்னரே அறிவிக்கலாம். அறிவித்த நீளம் நிறைவதற்குள் இணைப்பு முறிந்தால், வந்ததை முழுமையற்றதெனவே கொள்ள வேண்டும் என்று 2022ஆம் ஆண்டில் வெளியான அதன் விதி கூறுகிறது. பெறும் நிரல் இதனைப் பொருட்படுத்தாதிருப்பின், பாதிக் கோப்பு முழுக் கோப்பின் பெயரிலேயே சேமிக்கப்படும். நிழற்படம் பாதியில் நின்றால் கண்ணுக்குத் தெரியும். காற்புள்ளியிட்டு எழுதிய அட்டவணையோ கடைசி வரிகளை இழந்தும் பழுதின்றித் திறக்கும். அதிலிருந்து கணக்கிடும் சராசரி பிழையாகும். பிழையென்று எவரும் அறியார்.

ஆதலின் முக்கியமான கோப்புகளுக்கு எஸ்.எச்.ஏ.-256 என்னும் சரிபார்ப்புத் தொகையை இரு முனைகளிலும் கணித்து ஒப்பிடுதல் நன்று. ஒரு பைட் மாறினும் அத்தொகை மாறிவிடும். ஆசிரியர்கள் ஒரு பட்டியலின் கடைசி வரியை நீக்கி, முன்னும் பின்னும் இத்தொகையைக் கணித்து மாணவர்க்குக் காட்டலாம்.

இரு தொகைகளும் ஒத்தன என்று தெரியும்வரை மூலக் கோப்பை அழிக்கலாகாது.