சுவருக்கும் காது உண்டு

ரயில் பெட்டி ஒன்றில் நண்பர்கள் இருவர் பேசிக்கொண்டே பயணம் செய்கின்றனர். அது போர்க்காலம். வெளியில் சொல்லக்கூடாத செய்திகளை அவர்கள் ஊர்க்கதை பேசுவதைப் போலப் பேசுகின்றனர். அதே பெட்டியில் சாதுவான தோற்றமுடைய மனிதர் ஒருவரும் அமர்ந்திருக்கிறார். அவரை இருவரும் பொருட்படுத்தவில்லை. அவரோ ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் எதிரி நாட்டின் ஒற்றர். அவரைப் பிடிக்க யாரும் வரவில்லை. அத்துடன் படம் முடிந்துவிடுகிறது.

ஒற்றர்களைப் பற்றிய திரைப்படம் இவ்வாறு முடிவது அரிது. இறுதிக் காட்சியில் ஒற்றன் அகப்பட்டுக்கொள்வான். கதாநாயகன் வெற்றிப் புன்னகை பூப்பான். பார்வையாளர்களும் நிம்மதியாக வீடு திரும்புவர். ஆனால், 1942ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளிவந்த 'தி நெக்ஸ்ட் ஆஃப் கின்' என்ற படம், பார்த்தவர்களை நிம்மதியாக வீட்டிற்கு அனுப்பவில்லை. அதுவே அப்படத்தின் நோக்கமாகவும் இருந்தது.

போர்க்கால அச்சம்

இரண்டாம் உலகப் போர் 1939ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கியது. படைகள் எங்குச் செல்கின்றன, கப்பல்கள் எப்போது புறப்படுகின்றன என்பன போன்ற செய்திகள் எதிரியின் கைக்குக் கிட்டினால் பேரிழப்பு நேரும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் அஞ்சியது. எனவே, கவனமற்ற பேச்சு உயிர்களைப் பலிவாங்கும் என்ற கருத்தை மக்களிடையே பரப்ப 1940ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது.

அந்த இயக்கத்திற்காக ஃபூகாஸ் என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் வரைந்த சுவரொட்டிகள் புகழ்பெற்றவை. பேருந்தில் இரண்டு பெண்கள் மும்முரமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பின்னிருக்கையில் ஹிட்லரும் கோரிங்கும் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே செய்தியையும் மனத்தில் பதித்துக்கொண்டார்கள்.

1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. குறுகிய கடல் ஒன்றே எதிரிக்கும் பிரிட்டனுக்கும் இடையில் எஞ்சியது. நாட்டுக்குள்ளேயே ஒற்றர்கள் ஊடுருவியிருப்பார்களோ என்ற அச்சம் பரவியது. படைவீரர்களுக்கு நகைச்சுவை கலந்த சுவரொட்டி மட்டும் போதாது, அவர்கள் மனத்தைத் தைக்கும் பாடம் ஒன்று வேண்டும் என்று இராணுவம் எண்ணியது.

சிறு தொகையில் உருவான படம்

படைவீரர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்காக ஒரு படத்தை எடுத்துத் தருமாறு லண்டனின் மேற்கே இருந்த ஈலிங் படப்பிடிப்பு நிலையத்தை இராணுவம் கேட்டுக்கொண்டது. அந்நிலையத்தின் தலைவராக இருந்தவர் மைக்கேல் பால்கன். படத்தை இயக்கும் பொறுப்பு தோரல்ட் டிக்கின்சனிடம் ஒப்படைக்கப்பட்டது. இதற்காக இராணுவம் ஒதுக்கிய தொகை 20,000 பவுண்டு. முழுநீளக் கதைப்படம் ஒன்றை எடுக்க அத்தொகை போதாது. எனினும், வெறும் அறிவுரையாக இல்லாமல் விறுவிறுப்பான கதையாகச் சொன்னால்தான் வீரர்களின் மனத்தில் பதியும் என்று படக்குழுவினர் நம்பினர். ஆகவே, ஈலிங் நிலையம் மேலும் 50,000 பவுண்டைத் தன் பங்காகச் சேர்த்தது.

பணத்தால் வாங்க முடியாத சிலவற்றை இராணுவம் வழங்கியது. துணை நடிகர்களுக்கு வேடமிட்டுத் துப்பாக்கியைக் கையில் கொடுப்பதற்குப் பதிலாக, உண்மையான படைவீரர்களே போர்க்காட்சிகளில் தோன்றினர். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள மெவகிசி என்ற மீனவக் கிராமம், கதையில் வரும் பிரெஞ்சுத் துறைமுகமாக மாறியது. இதனால், போர்க்காட்சிகள் செய்திப்படம் போலவே இயல்பாக அமைந்தன.

ஒற்றராக நடிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மெர்வின் ஜான்ஸ். முறுக்கிய மீசையோ கொடூரமான சிரிப்போ அவரிடம் இல்லை. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கத் தோன்றாத முகம் அவருடையது. ஒற்றன் ஒற்றனைப் போலத் தோற்றமளிக்கமாட்டான் என்ற பாடத்தை அவருடைய முகமே கற்பித்தது.

துளித்துளியாய்க் கசிந்த இரகசியம்

பிரெஞ்சுக் கடற்கரையில் உள்ள ஒரு ஜெர்மானியத் தளத்தைத் தாக்கப் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்று இரகசியமாகப் பயிற்சி பெறுகிறது என்பதே படத்தின் கதை. அந்த இரகசியத்தை யாரும் பணத்திற்காக விற்கவில்லை. நாட்டைக் காட்டிக்கொடுக்கவேண்டும் என்று வீரர்களில் எவரும் எண்ணவும் இல்லை. ஆனாலும், இரகசியம் கசிந்துவிடுகிறது.

இளம் வீரன் ஒருவன், ஹாலந்திலிருந்து அகதியாக வந்த தன் காதலியிடம் மனம்விட்டுப் பேசுகிறான். அவள் கெட்டவள் அல்லள். ஆனால், ஜெர்மானியரின் பிடியிலுள்ள அவளுடைய பெற்றோருக்குத் தீங்கு நேரும் என்று ஒற்றனாகிய புத்தகக் கடைக்காரன் அவளை மிரட்டுகிறான். வேறொரு வீரன் தான் விரும்பும் நடனக்காரியிடம் சில செய்திகளை உளறிவிடுகிறான். இவற்றிற்கெல்லாம் மேலாக, அதிகாரி ஒருவர் முக்கியமான படங்கள் அடங்கிய கைப்பெட்டியைக் கண்காணிக்காமல் விட்டுவிடுகிறார்.

இவற்றுள் எந்த ஒன்றும் தனியாகப் பெரிய செய்தி அன்று. ஒருவர் சொன்னது படைப்பிரிவின் பெயராக இருக்கலாம். இன்னொருவர் சொன்னது புறப்படும் காலமாக இருக்கலாம். சிதறிக் கிடக்கும் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதே ஒற்றர்களின் வேலை. சிறு துளி பெருவெள்ளமாவதைப் போல, சிறு சிறு சொற்கள் சேர்ந்து முழு இரகசியத்தையும் எதிரியிடம் கொண்டு சேர்த்துவிடுகின்றன.

படை கரையில் இறங்கும்போது எதிரி ஆயத்தமாகக் காத்திருக்கிறான். வீரர்கள் பலர் மடிகின்றனர். போர்க்காலத்தில் இறப்புச் செய்தி முதலில் வீரரின் நெருங்கிய உறவினருக்கே தெரிவிக்கப்படும். 'நெருங்கிய உறவினர்' என்று பொருள்படும் அந்த ஆங்கிலத் தொடரே படத்தின் தலைப்பாகியது. ஒருவர் உதிர்த்த சொல்லுக்கு வேறொருவரின் தாய் விலை கொடுக்கவேண்டியிருக்கிறது என்பதை அத்தலைப்பே உணர்த்திவிடுகிறது.

மக்களுக்குக் காட்டலாமா?

படைவீரர்களுக்காக எடுக்கப்பட்ட இப்படத்தைப் பொதுமக்களுக்கும் காட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. அந்த வேளையில், 1942ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், பிரான்ஸின் செயின்ட் நசேர் துறைமுகத்தைப் பிரிட்டிஷ் படையினர் உண்மையாகவே தாக்கினர். தாக்குதல் தன் இலக்கை எட்டியது. ஆனால், பங்கேற்ற 600க்கும் மேற்பட்டவர்களுள் 169 பேர் உயிரிழந்தனர்.

பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் கவலைகொண்டார். செயின்ட் நசேரில் மகனை இழந்த தாய் இப்படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்? 'என் மகனும் யாரோ ஒருவரின் வாய்த்துடுக்கால்தான் இறந்தானோ?' என்று கலங்கமாட்டாரா? படமோ அத்தாக்குதலுக்கு முன்பே எடுக்கப்பட்டது. ஆயினும், துயரத்தில் இருப்பவர்களுக்கு அந்த விளக்கம் எவ்வாறு ஆறுதலாகும்?

இத்தயக்கத்தையும் கடந்து, 1942ஆம் ஆண்டு மே மாதம் படம் திரையரங்குகளுக்கு வந்தது. மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். அரசாங்கத்தின் பரப்புரைப் படம் ஒன்று, தன் நாட்டு வீரர்கள் மடிவதையும் அதற்குத் தன் மக்களின் கவனக்குறைவே காரணம் என்பதையும் வெளிப்படையாகக் காட்டியது துணிச்சலான செயலாகும்.

திரைக்கு வெளியே இருந்த உண்மை

பரப்புரை என்பது ஒரு கருத்தை மக்கள் ஏற்று நடக்கும்படி திட்டமிட்டுப் பரப்புவதாகும். அதில் உண்மையும் இருக்கலாம், மிகைப்படுத்தலும் இருக்கலாம். இப்படத்தில் இரண்டும் கலந்தே இருந்தன.

படத்தைப் பார்த்தவர்களுக்குப் பிரிட்டனின் ஒவ்வொரு தெருவிலும் ஒற்றன் உலவுவதாகத் தோன்றியிருக்கும். உண்மை நிலை வேறாக இருந்தது. பிரிட்டனுக்கு ஜெர்மனி அனுப்பிய ஒற்றர்களுள் ஏறக்குறைய அனைவரையும் பிரிட்டிஷ் உளவுத்துறை பிடித்துவிட்டது. அவர்களுள் சிலரைத் தன் பக்கம் திருப்பி, அவர்கள் வழியாகவே ஜெர்மனிக்குப் பொய்ச் செய்திகளை அனுப்பியது. 1944ஆம் ஆண்டு நேச நாடுகளின் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கியபோது, முதன்மைத் தாக்குதல் வேறோர் இடத்தில் நடைபெறும் என்று ஜெர்மனியை நம்பவைத்ததில் இத்தகைய இரட்டை ஒற்றர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்த வெற்றியைப் போர்க்காலத்தில் வெளியே சொல்ல முடியாது. சொல்லியிருந்தால் எதிரி விழித்துக்கொண்டிருப்பான். இத்திட்டத்தை வழிநடத்தியவர்களுள் ஒருவரான ஜான் மாஸ்டர்மன் எழுதிய நூல் 1972ஆம் ஆண்டு வெளிவந்த பிறகே பொதுமக்கள் இதனை விரிவாக அறிந்துகொண்டனர். திரையில் வென்ற ஒற்றர்கள் உண்மையில் தோற்றிருந்தனர் என்பது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே உலகுக்குத் தெரிந்தது.

அப்படியானால், படம் சொன்னது பொய்யா? ஒற்றர்களின் ஆற்றலைப் பற்றி அது மிகைப்படுத்தியது உண்மை. அத்தகைய மிகை, குற்றமற்ற அயலவர்களையும் அகதிகளையும் மக்கள் ஐயத்தோடு பார்க்கும் நிலையை உண்டாக்கக்கூடும். ஆனால், நாவடக்கத்தைப் பற்றி அது சொன்ன பாடம் பொய்யன்று. ஒரு செய்தியைக் காக்கும் பொறுப்பு, அதனை அறிந்த ஒவ்வொருவருக்கும் உண்டு.

'பகலில் பக்கம் பார்த்துப் பேசு. இரவில் அதுவும் பேசாதே' என்பது நம் முன்னோர் வாக்கு. இன்று பக்கத்தில் இருப்பவரை மட்டும் பார்த்துப் பேசினால் போதாது. குடும்பத்தோடு வெளியூர் செல்வதை ஒருவர் சமூக ஊடகத்தில் பதிவிடுகிறார். வீட்டின் எண் தெரியும் புகைப்படத்தை இன்னொரு நாள் பகிர்கிறார். தனித்தனியே பார்த்தால் இவை சாதாரணச் செய்திகள். சேர்த்துப் பார்ப்பவனுக்கோ, பூட்டிய வீடு எது என்று தெரிந்துவிடும்.

'தி நெக்ஸ்ட் ஆஃப் கின்' இரண்டு பாடங்களை விட்டுச் சென்றிருக்கிறது. பேசுவதற்கு முன் சிந்திக்கவேண்டும் என்பது படம் கற்பித்த பாடம். காண்பதையும் கேட்பதையும் நம்புவதற்கு முன் சிந்திக்கவேண்டும் என்பது காலம் கற்பித்த பாடம். ஒன்று நாவுக்குக் காவல். மற்றொன்று அறிவுக்குக் காவல்.

சிந்தித்துக் கூறுக

1. படத்தின் இறுதியில் ஒற்றர் பிடிபட்டிருந்தால், பார்வையாளர்களின் மனத்தில் எத்தகைய எண்ணம் ஏற்பட்டிருக்கும்?
2. படத்தை வெளியிடுவதில் சர்ச்சில் காட்டிய தயக்கம் நியாயமானதா? காரணங்களுடன் விளக்குக.
3. நல்ல நோக்கத்திற்காக ஒரு செய்தியை மிகைப்படுத்திக் கூறலாமா? உம் கருத்தை நண்பர்களுடன் கலந்துரையாடுக.