எத்தனை மில்லிலீற்றர்?

கேள்வி: தெல்லிப்பழையில் சிகிச்சை பெற்ற என் அக்காவுக்கு ஒரு மார்பகம் அகற்றப்பட்டுவிட்டது. செயற்கை மார்பகம் பொருத்த விரும்புகிறா. முந்தைய பிறேசியர் அளவைச் சொன்னால் போதுமா? – வாசகி, சாவகச்சேரி

பதில்: போதாது. பிறேசியர் அளவு கம்பனிக்குக் கம்பனி மாறும்; உள்ளே பொருத்தும் சிலிக்கோன் பையோ மில்லிலீற்றரில் அளக்கப்படுவது. அதைவிட முக்கியம் அதன் அடி அகலம். நெஞ்சின் அகலத்தை மீறிய பை அக்குள் பக்கம் தள்ளும், நெஞ்சின் நடுவிலும் நெருக்கும். ஆகவே முதலில் நெஞ்சின் அகலம், பிறகு எஞ்சிய தோல், கடைசியாகத்தான் விருப்பம். தோல் இறுக்கமாக இருந்தால், விரிப்பான் ஒன்றை உள்ளே வைத்து வாரக்கணக்கில் சிறிது சிறிதாக உப்புநீர் ஏற்றி இடம் உண்டாக்குவார்கள். கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பையைச் சுற்றி வடு இறுகும் ஆபத்து அதிகம். அங்கே பெரிய பைக்கு ஆசைப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்குப் பதில், வயிற்றுத் தசையோ கொழுப்போ எடுத்து மார்பகத்தை அமைக்கும் முறை அவர்களில் பலருக்கு நல்லது.

“சிறிதாக வைத்தால் மற்றப் பக்கத்தோடு ஒத்துவராதே” என்பீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் மற்ற மார்பகத்தைச் சற்றுக் குறைத்தோ உயர்த்தியோ சமப்படுத்தலாம். “டொக்டரே முடிவெடுக்கட்டும்” என்பதும் அரைச்சரிதான்: மேல் எல்லையை அவர் சொல்வார், அதற்குள் தேர்வு அக்காவுடையது. 400 மில்லிலீற்றர் பை ஏறத்தாழ 400 கிராம். அதை நாள்முழுதும் சுமக்கப்போவது அவ. பையின் மேற்பரப்பையும் கேளுங்கள். அரிதான நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புபட்டதால் அலர்கன் கம்பனி தன் சொரசொரப்பான பைகளை 2019இல் உலகெங்கும் திரும்பப் பெற்றது. ஒன்றுமே பொருத்தாமல், உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பகத்தோடு இருப்பதும் முழுமையான தெரிவுதான். அடுத்த கிளினிக்குக்கு அக்காவோடு நீங்களும் போங்கள்.