மோதலைக் காட்டாதே

அன்புள்ள செழியனுக்கு,

திரைக்கதையைப் படித்து முடித்தேன். லாரி விபத்தை மட்டும் ஏழு பக்கம் எழுதியிருக்கிறாய்: கண்ணாடி சிதறுவது, ரத்தம், ஸ்லோமோஷன். எழுத்து ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் அந்த ஏழு பக்கத்தையும் தூக்கிவிடு.

இன்யாரித்து இயக்கி, அரியாகா எழுதிய ‘21 கிராம்ஸ்’ (2003) கிடைத்தால் பார். ஒரு தகப்பனும் இரண்டு பெண் குழந்தைகளும் டிரக்கில் அடிபட்டுச் சாகிறார்கள். படம் முழுக்க அந்தச் சாவைச் சுற்றித்தான். மோதல் மட்டும் திரையில் இல்லை. புல்வெளியில் ஒருவன் இலைச் சருகை மெஷினால் ஊதிக்கொண்டிருக்கிறான். மூவரும் அவனைக் கடந்து போகிறார்கள். பின்னாலேயே டிரக் பாய்கிறது. கேமரா நின்ற இடத்திலேயே நிற்கிறது, சத்தம்தான் வருகிறது. அவன் மெஷினைப் போட்டுவிட்டு ஓடுகிறான். அது தரையில் கிடந்து ஊதிக்கொண்டே இருக்கிறது.

‘எங்கேயும் எப்போதும்’ படம் மோதலைக் காட்டியதே என்பாய். அது விபத்தை நோக்கிப் போகும் படம். உன் கதை விபத்திலிருந்து கிளம்புகிறது.

அடுத்தது தற்செயல். உன் கதையில் செத்தவரின் தம்பி டாக்டர், டாக்டரின் காதலி டிரைவரின் மகள்! ஊரே ஒரே தெருவில் குடியிருக்கிறதா? ‘21 கிராம்ஸ்’ படத்தில் இறந்த தகப்பனின் இதயம் ஷான் பென் நடித்த கணக்குப் பேராசிரியருக்குப் பொருத்தப்படுகிறது. கொடுத்தது யார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லமாட்டார்கள். அவர்தான் துப்பறிவாளரை வைத்துத் தேடி, இறந்தவனின் மனைவியின் பின்னால் போகிறார். யாரும் போகச் சொல்லவில்லை. பிறகு வரும் வினையெல்லாம் அவராக இழுத்துக்கொண்டது.

காட்சிகளை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டிருப்பார்கள். பார்த்ததும் உனக்கும் கை துறுதுறுக்கும், இப்போதைக்கு வேண்டாம். சில இடங்களில் எனக்கே அது அலுப்புத் தட்டியது.

என்னை அதிகம் உலுக்கியவன் இடித்தவன்தான். பெனிசியோ டெல் டோரோ நடித்த பாத்திரம். ஜெயிலுக்குப் போய்த் திருந்தி, ஏசுவே கதி என்று இருப்பவன். அந்த டிரக்கே குலுக்கலில் விழுந்த பரிசு. கடவுள் கொடுத்தது என்று நம்பியிருந்தான். விபத்து நடந்த அன்று அவனுக்குப் பிறந்தநாள், வீட்டில் விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள். ராத்திரி அவன் பெண்டாட்டி டிரக்கைக் கழுவுகிறாள்.

உன் லாரி டிரைவருக்கு ஒரு பெயர்கூட இல்லை. நாலாவது பக்கத்தில் ஓடிப்போனவன் திரும்பி வரவே இல்லை. அன்றைக்கு ராத்திரி எங்கே படுத்தான், வீட்டுக்கு என்ன சொல்லிப் போன் செய்தான் என்று எழுதி அனுப்பு. மற்றதைப் பிறகு பேசலாம்.

அன்புடன்,
மாமா